கூண்டில் விட்ட கொடுவா குஞ்சுகள் வளராமல் நிற்கின்றன

மிதவைக் கூண்டில் கொடுவா மீன் வளர்க்கிறேன். குஞ்சு விட்டு மூன்றாவது மாதம் நடக்கிறது. ஆரம்பத்தில் மளமளவென்று ஏறிய எடை, சராசரி 60 கிராமுக்குப் பிறகு அசையவே இல்லை. சாவும் பெரிதாக இல்லை, அதுதான் குழப்பம்.

கூண்டு 6 மீட்டர் விட்டம், வலை 4 மீட்டர் ஆழம். அலை அதிகம் வராத ஒதுக்கமான விரிகுடா, நீரோட்டம் சுமார்தான். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 32 பங்கு, வெப்பநிலை 29 டிகிரி. கரைந்த ஆக்சிஜன் பகலில் லிட்டருக்கு 6 மில்லிகிராம், விடியும் முன் 4 வரை இறங்குகிறது. 45 சதவீதப் புரதம் உள்ள மிதக்கும் தீவனம், காலை மாலை இரு வேளை.

பிடித்துப் பார்த்தால் தலை மட்டும் பெரிதாக, முதுகு ஒடுங்கிக் கிடக்கிறது. தீவனம் போட்டதும் மேலே வருகின்றன, இரண்டு வாய் கவ்விவிட்டுக் கீழே போய்விடுகின்றன. செவுள் நல்ல சிவப்புதான்.

பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டுயிரி) அடைத்த வலையை மாற்றிவிட்டேன். பெரியது சிறியது என்று தரம் பிரித்து, நெரிசலைக் குறைத்தேன். தின்றுகொழுத்த சில மீன்கள் தனியானதும் சிறியவை தேறும் என்று நம்பினேன், தேறவில்லை. தோல் புழு இருக்குமோ என்று நன்னீரில் குளிப்பாட்டினேன். புழு இருந்தால் நன்னீர் பட்டதும் வெள்ளையாகத் தெரியும், ஒன்றும் தெரியவில்லை. தீவனக் குருணை அளவையும் மாற்றியாயிற்று. வேறு கம்பெனித் தீவனம் மட்டும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

கூண்டில் கொடுவா வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: விடியற்கால ஆக்சிஜன், தீவனம், குடல் ஒட்டுண்ணி, இந்த மூன்றில் முதலில் எதைச் சோதிப்பீர்கள்?