மூன்று பேருக்கு ஒரே சாக்பீஸ்: குழுவாகக் கணக்குப் போடும்போது கண்டவை

வகுப்பில் பிள்ளைகளைக் குழுவாகக் கணக்குப் போட வைக்க, குழுவுக்கு மூன்று பேர் போதுங்க. நாலாவது ஆள் வந்தால் இரண்டு இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள், இல்லையென்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். யார் யாரோடு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நெருங்கிய சிநேகிதர்கள் சேர்ந்தால் ‘நீ போடு, நான் பார்த்து எழுதிக்கறேன்’ என்று ஆகிவிடும்.

நோட்டுகளை மூடச் சொல்லிவிட்டு ஒரே சாக்பீஸ் கொடுங்கள். அதைப் பிடித்தவர் மற்ற இருவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும், தன் யோசனையை எழுதக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கை மாறட்டும். கணக்கில் வேகமான பிள்ளையிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

*

மேலே ஒருவர் சொன்ன சாக்பீஸ் யோசனை அருமை. அதற்கு முன்னால் மூன்று நிமிடம் பேச்சில்லாமல் ஆளாளுக்குத் தனியாக யோசிக்கட்டும். இதை விட்டால் முதலில் பேசியவர் போன வழியிலேயே எல்லோரும் போவார்கள். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் கவனித்த சீன வம்சாவளி மாணவர்கள் கால்குலஸில் (நுண்கணிதத்தில்) நன்றாகத் தேறினார்கள். அவர்களும் தனியே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூடி விடைகளை ஒத்துப் பார்த்தார்கள்.

கணக்கும் சண்டைக்கு இடம் கொடுக்க வேண்டும். போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60. சராசரி வேகம்? ஒருவர் 50 என்பார். இன்னொருவர் தூரத்தை 120 கி.மீ. என்று வைத்து, போக 3 மணி, வர 2 மணி, 240-ஐ 5-ஆல் வகுத்து 48 என்பார். 50-ஐ உடனே அழிக்க விடாதீர்கள். இரண்டும் பலகையில் நிற்கட்டும். ‘எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடியது?’ என்று மட்டும் கேளுங்கள். 40-இல்தான் 3 மணி ஓடியிருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பெரும்பாலும் 50 சொன்னவரே பிடித்துவிடுவார். மூன்றாமவர் ‘தூரம் 120 இல்லேன்னா?’ என்று கேட்டால் குழு நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். 60, 240 என்று வைத்துப் பார்ப்பார்கள், பிறகு தாங்களாகவே தூரத்தை d என்று பொதுவாக வைத்துப் போடுவார்கள்.

*

‘இது சரியா சார்?’ என்று கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள். குறைவாகப் பேசியவரிடம் ‘இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால் குழுவுக்கே இன்னும் தெரியவில்லை. துப்புக் கொடுக்காமல் நகர்ந்து, இரண்டு நிமிடம் கழித்து அதே ஆளிடமே திரும்பக் கேளுங்கள்.

சீக்கிரம் முடித்த குழுவுக்குப் புதுப் பாடக் கணக்கு வேண்டாம், இதையே முறுக்கிக் கொடுங்கள்: 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போயாயிற்று. போய்வந்த மொத்தச் சராசரி 60 ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று எழுதுவார்கள். போட்டுப் பார்த்தால் 45-தான் வரும். 120, 200 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். 120 கி.மீ.-க்கு இருக்கிற 2 மணி நேரமும் போகும்போதே தீர்ந்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை பக்கத்தில் போகாதீர்கள்.