அப்பத்தாவின் பிஸ்கட் டின்

குழு: அப்பத்தா வீடு

ஞாயிறு

கவிதா, காலை 9.12
அத்தை, இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் 12 பேருக்கும் புத்தகக் கடைப் பரிசு அட்டை வாங்கிவிட்டேன். கடையில் கொடுத்த காகித உறை இரண்டு நாள்கூடத் தாங்காது. துணியில் சின்ன உறை தைக்கலாம் என்று நேற்று இரவு உட்கார்ந்தேன். அட்டையைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டித் தைத்தேன். முடித்துப் பார்த்தால் அட்டை உள்ளே நுழையவே இல்லை.
[படம்]

மதுரை அத்தை, காலை 9.20
தையலுக்கு எவ்வளவு விட்டாய் கண்ணு?

கவிதா, காலை 9.21
ஒரு நூல் விட்டேன் அத்தை.

மதுரை அத்தை, காலை 9.24
போதாது. தையலுக்கே ஒவ்வொரு பக்கமும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் வேண்டும். அட்டை தாராளமாகப் போய்வர இடம் வேண்டாமா? அட்டையை டேப் வைத்து அளந்து சொல்.

சித்தப்பா, காலை 9.26
அளக்கவே வேண்டாம் அக்கா. ஏ.டி.எம். அட்டை, ஸ்மார்ட் ரேஷன் கார்டு, இது எல்லாமே ஒரே அளவு. 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ.

மதுரை அத்தை, காலை 9.41
அப்படியென்றால் நீளம் மூன்று அங்குலம் மூன்று நூல், உயரம் இரண்டு அங்குலம் ஒரு நூல். கவிதா, எழுதிக்கொள். மேல்துணி அகலம் நாலரை அங்குலம், நீளம் எட்டு அங்குலம். உள்துணியும் அதே அளவு. காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை மட்டும் நான்குக்கு ஏழரையாக வெட்டு. கேன்வாஸ் தையலுக்குள் போனால் மூலை தடித்து, திருப்பும்போது மொழுக்கென்று நிற்கும்.

மதுரை அத்தை, காலை 9.48
கேன்வாஸில் பசை மினுங்கும் பக்கம் மேல்துணியின் உட்புறத்தில் படும்படி வைத்துத் தேய். பிறகு மேல்துணியையும் உள்துணியையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர்த்துச் சுற்றி அடி. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு அங்குலம் தைக்காமல் விட வேண்டும். அந்த வாய் நீளப் பக்கத்தில், கீழ்முனைக்கு அருகில் இருக்கட்டும். எல்லோரும் இதைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் பிறகு கையால் தைத்து மூடுவார்கள். அங்கே விட்டால் பை மடிக்கும்போது பக்கத் தையலே அதை மூடிவிடும். கைத்தையலே வேண்டாம்.

சித்தி, காலை 9.55
மதினி, மூலைத் துணியை வெட்டிவிட வேண்டும் அல்லவா?

மதுரை அத்தை, காலை 10.02
ஆமாம், நல்ல வேளை சொன்னாய். மூலையைக் குறுக்காக வெட்டு. தையலுக்கு ஒரு நூல் தள்ளி வெட்டு. தையலைத் தொட்டால் பிரிந்துவிடும். திருப்பி, மை தீர்ந்த பேனாவின் மழுங்கிய முனையால் மூலையைத் தள்ளு. கத்தரி முனையால் தள்ளாதே, பொத்துக்கொள்ளும். தேய்த்த பிறகு கீழிருந்து இரண்டரை அங்குலம் மேலே மடி, அதுதான் பை. ஒரு கீழ்மூலையில் தொடங்கி, பக்கம் ஏறி, மேல்மடிப்பைச் சுற்றி, மறு மூலை வரை நிறுத்தாமல் ஒரே தையல். பையின் வாய் வரும் இரண்டு இடத்திலும் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டு. பிள்ளைகள் இழுத்து இழுத்து எடுப்பது அங்கேதான்.

கவிதா, பகல் 12.30
அத்தை, அளவு சரியாக வந்துவிட்டது! அட்டை வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் பளபளப்பான ரோஸ் நிறத் துணி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு உருகிவிட்டது. பட்டு என்று நினைத்தேன்.

மதுரை அத்தை, பகல் 12.38
அது பாலியஸ்டர் கண்ணு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல இறுகிவிடும். இன்னொன்று, எல்லாத் தேய்ப்பும் முடிந்த பிறகுதான் அட்டையை உள்ளே வை. அதுவும் பிளாஸ்டிக்தான், சூட்டில் வளைந்துவிடும்.

கவிதா, பகல் 12.41
என்னிடம் இருந்த துண்டுத் துணி இத்தோடு தீர்ந்தது அத்தை. இனிக் கடையில்தான் வாங்க வேண்டும்.

மதுரை அத்தை, பகல் 12.44
வாங்காதே. கொஞ்சம் பொறு.

மதுரை அத்தை, மாலை 4.15
[படம்]
அம்மாவின் பிஸ்கட் டின். மூன்று வருடமாக அலமாரிக்கு மேலே இருந்தது. நான் திறக்கவே இல்லை. இன்று இறக்கினேன். ஒவ்வொரு துண்டையும் சுருட்டி அதே துணியின் நூலால் கட்டி வைத்திருக்கிறார்.

பெரியப்பா, மாலை 4.31
அந்தப் பச்சைக் கட்டம் நான் முதல் முதலாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. அம்மாவே தைத்தது. மிச்சத்தை இத்தனை காலம் வைத்திருந்தாரா?

சித்தி, மாலை 4.36
மதினி, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அது சுங்குடிதானே? செந்திலுக்குத் தொட்டில் கட்டிய சேலை!

மதுரை அத்தை, மாலை 4.44
அதேதான். தொட்டில் கிழிந்த பிறகு நல்ல இடத்தை மட்டும் அம்மா வெட்டி எடுத்திருக்கிறார். இது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடி. புள்ளி ஒன்று போல ஒன்று இல்லை, பாருங்கள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் முடிச்சு இருந்த இடத்தில் கடுகளவு சாயம் ஏறியிருக்கிறது. இப்போது கடையில் கிடைப்பதில் அச்சுப் புள்ளிதான் அதிகம். துணி நைந்து மல்லிகை இதழ் போல இருக்கிறது. கேன்வாஸ் வைத்தால் தாங்கும்.

செந்தில் அண்ணன், மாலை 4.50
அத்தை, என் மகளுக்கு அந்தத் துணியில் தைத்துத் தாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

கவிதா, மாலை 4.52
அப்படியே எல்லோருக்கும் செய்யலாமே! அவரவர் அப்பா, அம்மா போட்ட துணியில் அவரவர் பிள்ளைக்கு உறை.

பெரியப்பா, மாலை 5.05
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. டின்னில் இருப்பதை வைத்துச் செய். பீரோவில் இருக்கும் அம்மா சேலைகளில் கத்தரி வைக்க வேண்டாம்.

மதுரை அத்தை, மாலை 5.07
வைக்கமாட்டேன் அண்ணா.

புதன்

மதுரை அத்தை, இரவு 8.20
[படம்]
ஏழு முடிந்தது. சுங்குடியை முதலில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் வரவில்லை. பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி. கவிதா கட்டிய நீலப் பட்டுப் பாவாடையின் துண்டுக்கு மட்டும் 11 மாற்றினேன். ஜரிகை மேல்மடிப்பில் வரும்படி வெட்டி, மேலே மெல்லிய துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேய்த்தேன். மூடுவதற்குப் பிரஸ் பட்டன் வைக்கவில்லை. டின்னின் அடியில் அம்மா சேர்த்த பழைய சட்டைப் பொத்தான்கள் இருந்தன. அவற்றையே தைத்து நூல் வளையம் போட்டுவிட்டேன்.

சித்தப்பா, இரவு 8.33
அக்கா, என் ஏ.டி.எம். அட்டைக்கும் ஒன்று கிடைக்குமா?

மதுரை அத்தை, இரவு 8.35
பிள்ளைகளுக்கு முடியட்டும் தம்பி.

வெள்ளி

மதுரை அத்தை, காலை 11.10
பதினொன்று ஆகிவிட்டது. செந்தில், உன் சின்னவனுக்குத்தான் துணி இல்லை. சுங்குடி அவன் அக்காவுக்கே சரியாகப் போய்விட்டது. மற்ற துண்டுகள் எட்டு அங்குலம் வராது. இரண்டை இணைத்துத் தைக்கட்டுமா?

செந்தில் அண்ணன், காலை 11.18
எதுவானாலும் சரி அத்தை. அவனுக்கு இரண்டரை வயதுதான், அப்பத்தாவைப் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தெரியவா போகிறது?

பெரியப்பா, பகல் 1.40
தங்கச்சி, அம்மா கடைசித் தீபாவளிக்கு உடுத்திய மாம்பழ நிறச் சேலை இங்கே பீரோவில்தான் இருக்கிறது. இன்று எடுத்துப் பிரித்தேன். முந்தியில் மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது. மாலை கொண்டுவருகிறேன். கிழிசலை ஒட்டி ஒரு சாண் மட்டும் எடு. அதற்கு மேல் வேண்டாம்.

மதுரை அத்தை, பகல் 1.42
சரி அண்ணா.

மதுரை அத்தை, இரவு 9.30
[படம்]
பன்னிரண்டு. அண்ணா, ஒரு சாண்கூட எடுக்கவில்லை, எட்டு அங்குலம்தான் வெட்டினேன். வெட்டிய இடத்தில் மெல்லிசாக மடித்து ஓரம் அடித்துவிட்டேன். சேலை மடித்துத் தயாராக இருக்கிறது. நாளை வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, இரவு 9.34
உன்னிடமே இருக்கட்டும் தாயி.