வீட்டுக் குழு: பாப்பாவின் 92 சதவீதம்

தம்பி: அக்கா, பாப்பா பின்னம் பாடத்தில் 92 சதவீதம்! கணக்கு ஆப்பிலிருந்து எனக்கும் ரிப்போர்ட் வந்தது. சூப்பர் 👏

நான்: எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி ஒரு தாளை நீட்டி, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

அத்தை: மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருக்கிறாள். நான் பாடம் நடத்திய காலத்தில் வருஷா வருஷம் பார்த்த தப்பு. ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னதாயிற்றே, கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டாயா?

நான்: கேட்டேன் அத்தை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஆப்புல இப்படிக் கேக்காதும்மா. நாலு விடை வரும். சிவப்பு வந்தா அடுத்ததைத் தொடணும், பச்சை வந்துரும்" என்றாள். எனக்கு மனசே சரியில்லை.

தம்பி: அது அந்த ஆப்பைச் செய்தவர்களின் தவறு அக்கா. நல்ல மென்பொருள் குழந்தை எங்கே தடுக்குகிறது என்று காட்டும். தொழில்நுட்பத்தையே குறை சொல்ல வேண்டாம்.

சித்தப்பா: இந்த நம்பிக்கை புதுசில்லைப்பா. சினிமா வந்ததும், பள்ளியில் புத்தகம் சீக்கிரம் வழக்கொழிந்துவிடும் என்று 1913-லேயே எடிசன் சொன்னார். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை.

தம்பி: அதே ஆய்வில் பொதுவான சிந்தனைத் திறன் கொஞ்சம் கூடியதாகவும் வந்தது சித்தப்பா.

சித்தப்பா: ஆமாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெட்டி வந்த அளவுக்கு, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்கிற பயிற்சி ஆசிரியர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அண்ணி: எனக்கு வேறொரு கவலை. தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் உரிமைக்குக் கேடாகும் வகையில் தகவலைக் கையாண்டிருந்தன. பாப்பா எந்த நிமிஷம் ஆப்பை மூடினாள் என்பது வரைக்கும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது இன்னும் யாரிடம் போகிறது?

தங்கை: எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். பார்வை குறைந்த நம் மாமா பையன் திரைவாசிப்பான் வந்த பிறகுதான் யார் துணையும் இல்லாமல் பாடம் படிக்கிறான்.

நான்: அதை யார் வேண்டாம் என்பார்கள்? அங்கே அது அவனுக்குப் படித்துக் காட்டுகிறது, யோசிப்பது அவன். இங்கே பாப்பா யோசிக்காமலேயே பச்சை வந்துவிடுகிறது. அதைத்தான் கற்றுக்கொண்டாள் என்று நமக்குச் சொல்கிறார்கள்.

தம்பி: அக்கா, ரிப்போர்ட்டை முழுசாகத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'முதல் முயற்சி' என்று ஒரு வரி. 40 கேள்விக்கு 11 சரி.

அத்தை: நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 10 வருமே.

தம்பி: ஆமாம் அத்தை. அந்த 92, கடைசியில் பச்சை வந்த கேள்விகளின் கணக்கு. நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

நான்: ஆசிரியரிடம் இந்த வரியைக் காட்டிப் பேசுகிறேன். அவருக்கும் முதல் பக்கம் மட்டும்தான் போயிருக்கும்.

அத்தை: பேசு. இப்போது ஒரே அளவில் இரண்டு காகிதப் பட்டை வெட்டு. ஒன்றை இரண்டாக, இன்னொன்றை மூன்றாக மடிக்கச் சொல். நீ எதுவும் சொல்லாதே.

நான்: மடித்தாள் அத்தை. பத்து நிமிஷம் ஆனது. "ரெண்டு துண்டும் ஒரே அளவு இல்லையே, எப்படிம்மா சேர்த்து எண்றது?" என்று கேட்கிறாள்.

அத்தை: அதுதான் கேள்வி! விடையைச் சொல்லிவிடாதே. இரண்டையும் ஆறாக மடிக்க அவளுக்கே தோன்றும், பொறு.