புதுப்பிப்பு: 46 நாள் படபடப்பு முடிந்தது

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டதிலிருந்து தூக்கம் போச்சு, ஓட்டு எண்ணும் ஜூன் 4 வரை எப்படித் தள்ளுவது என்று இங்கே புலம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி டிவியை நிறுத்தியது எளிது. குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியதில் சித்தப்பாவுக்குத்தான் கோபம். சரி, பொங்கலுக்குள் ஆறிவிடும்.

ஜூன் 1 மாலை மட்டும் சறுக்கிவிட்டேன். எக்ஸிட் போல் (ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு) பார்த்துப் பார்த்து இரவு இரண்டு மணி, நெஞ்சு திக்திக். பாஜக கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பெரும்பாலான கணிப்புகள் சொன்னதற்கா அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்? வந்தது 293.

எண்ணிக்கை நாளில் தபால் ஓட்டு, முதல் சுற்று என்று முன்னிலை மாறிக்கொண்டே இருக்குமே. அதனால் பதினொரு மணிவரை போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, இட்லிக்கு மாவு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கியிருந்தது.