மூட்டையோட சுத்திட்டு, கடைசியில ரெண்டு ராத்திரி கடலோர ரிசார்ட்: மனசை விட்டுப் போகாத ஒன்னைச் சொல்லுங்க

அஸ்தம்பட்டி:

நம்ம சேலம் குழுவுல எல்லாரும் ஏரியாப் பேர்லதானே எழுதறோம், அஸ்தம்பட்டி நானே ஆரம்பிக்கிறேன். கூட வந்த மூணு பேர்கிட்டயும் இதை நான் முழுசா சொன்னதில்லை.

கோகர்ணாவுல இருந்து கடலோரமாவே கீழ இறங்கற ரூட் இங்க பாதிப் பேருக்குத் தெரியும், விவரிக்கலை. பத்து நாள். டார்மிட்டரி கட்டில், அன்ரிசர்வ்டு பெட்டி, பாரடைஸ் பீச்சுல இருந்து குட்லே வரைக்கும் குன்று ஏறி இறங்கி நடை. கடைசி ரெண்டு ராத்திரிக்கு மட்டும் வர்க்கலா செம்பாறை மேட்டு மேல ஒரு நல்ல ரிசார்ட். ஆளுக்கு மாசாமாசம் கொஞ்சம் போட்டு ஒரு வருஷமா சேர்த்த காசு.

உள்ள போனதும் இளநி குடுத்தாங்க. நீச்சல் குளத்துத் தண்ணியும் அதுக்குப் பின்னாடி கடலும் ஒரே கோடாத் தெரிஞ்சுது. அழுக்குப் பையைக் கீழ வைக்க மனசு வராம நாலு பேரும் முதுகுலயே மாட்டிட்டு நின்னோம்.

பையை அறைக்குத் தூக்கிட்டு வந்த பையனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். என் பை வாரில ஒரு மஞ்சப்பை கட்டியிருந்தேன், செவ்வாய்ப்பேட்டைக் கல்யாணத்துல தேங்காய் போட்டுக் குடுத்தது. அதுல இருந்த ஊர்ப்பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சான். "நீங்க சேலமாண்ணா? நான் ஏற்காடுண்ணா. நாகலூர்ப் பக்கம்."

மலையாளத்துல அவ்வளவு சரளமாப் பேசிட்டு இருந்தானே, நாங்க உன்னை மலையாளின்னு நினைச்சோம்னு ஃப்ரெண்டு சொன்னான். "மலையாளிதாண்ணா. நம்ம மலை மலையாளி"ன்னான். ஏற்காட்டு மலையில இருக்கற பழங்குடி மக்களுக்கும் மலையாளின்னுதான் பேருன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அங்க வேலை பார்க்கிற யாருக்கும் அதைப் புரிய வைக்க முடியலைன்னு சொன்னான். சாதிச் சான்றிதழைக் காட்டியும் நம்பலையாம்.

மறுநாள் காலைல குளத்துக்குப் பக்கத்துல குடையை விரிச்சு வச்சிட்டு இருந்தவன், திரும்பாமயே கேட்டான்: "மேல மழை பேஞ்சுதாண்ணா? காப்பி பூத்துருச்சா?"

மார்ச் கடைசி அது. எனக்குப் பதில் தெரியலை. அஸ்தம்பட்டியில பொறந்து வளர்ந்தவன் நான், மொட்டை மாடிக்குப் போனா மலை ரோட்டு லைட்டு ஒவ்வொன்னும் தெரியும், இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிட்டு வண்டியில ஏறுவேன். காப்பி எப்பப் பூக்கும்னு தெரியாது. "பூத்துருச்சுப்பா"ன்னு பொய் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததை இன்னும் பார்த்துட்டே இருக்கேன்.

கிளம்பறப்ப பேப்பர்ல மடிச்ச ஒரு சின்னப் பொட்டலம் குடுத்தான். உள்ள சிப்பி. தங்கச்சிக்கு. நாகலூர் பஸ் நிக்கற இடத்து டீக்கடையில அவன் பேரைச் சொல்லிக் குடுத்தாப் போதும்னான். அன்னைக்கே மெயில் ட்ரெயினைப் பிடிச்சு, விடியறதுக்குள்ள சேலம் ஜங்ஷன்ல இறங்கியாச்சு. ரெண்டு வருஷம் ஆகுது. பொட்டலம் என் மேஜை டிராயர்லதான் இருக்கு.

சூரமங்கலம்:

எங்க கதை கோவளம். பன்னெண்டு நாள் அலைச்சலுக்கு அப்புறம் ஒரே ஒரு ராத்திரி. காலைல அஞ்சரைக்கே எழுந்து கடலைப் பார்த்த மாதிரி சாய்வு நாற்காலியில படுத்திருந்தோம், வாழ்க்கையில முதல் தடவையா. முன்னாடி கரைவலை இழுத்துட்டு இருந்தாங்க. ஒரு பக்கக் கயித்துல பதினஞ்சு இருபது பேர், கடலுக்குள்ள போன வலையை ரெண்டு பக்கமும் சேர்த்துக் கரைக்குக் கொண்டு வரணும். ஒருத்தர் குரல் குடுக்க மத்தவங்க காலை ஊன்றிப் பின்னாடி சாய்வாங்க. எங்கள்ல ஒருத்தன் போய்க் கயித்தைப் பிடிச்சான், அவங்களும் சிரிச்சு இடம் விட்டாங்க.

அப்ப ரிசார்ட் காவலாளி வந்து, கெஸ்ட் எல்லாம் படுத்திருக்காங்க, கொஞ்சம் தள்ளிப் போய் இழுங்கன்னாரு. பாதி வலை தண்ணிக்குள்ள இருக்கு, எங்க தள்ளிப் போறது? வயசானவர் ஒருத்தர் கயித்தை விடாமயே எங்களைப் பார்த்து, தமிழ் கலந்த மலையாளத்துல, "கரையில நிக்கறதுக்கும் ரூம் எடுக்கணுமா தம்பி?"ன்னு கேட்டாரு. காவலாளிகிட்ட கேட்கலை. எங்ககிட்ட கேட்டாரு. நாங்கதான் அந்த கெஸ்ட். "எங்களுக்கு ஒன்னும் தொந்தரவு இல்லீங்க"ன்னு எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை.

குகை:

முதலில் அஸ்தம்பட்டித் தம்பிக்கு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர். கோகர்ணா வரை போகத் தெரிந்தவருக்கு நாகலூர் தூரமா? இரண்டு வருஷம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளை ஃபோனில் அம்மாவிடம் கேட்டிருப்பானே, சிப்பி வந்ததா என்று.

சூரமங்கலத்துக்கு: அலை ஏறி இறங்குகிற கரைக்கு எந்த ஓட்டலும் பட்டா வைத்திருக்க முடியாது, அது பொது இடம். அந்தக் காவலாளிக்கு அங்கே யாரையும் தள்ளிப் போகச் சொல்ல உரிமையே இல்லை.

என் அனுபவம் சின்னது. அதே கோவளம், ஜூலை மாதம். எங்களில் ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையசைத்தான், நாங்களும் திருப்பிக் கையசைத்தோம். அவன் உதவி கேட்டுக் கையசைத்திருக்கிறான். லைஃப்கார்டு மிதவையோடு பாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்தக் கையை இன்னும் கனவில் பார்க்கிறேன். பிழைத்துவிட்டான்.

அதனால் இனிப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாம் மேட்டூர்த் தண்ணீரிலும் கிணற்றிலும் நீந்தப் பழகியவர்கள், கடல் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம், கேரளக் கரையில் கடல் மூர்க்கமாக இருக்கும். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் கால்கூட நனைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். இறங்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். அங்கேதான் தண்ணீர் கடலை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெம்பில்லையா, மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்துங்கள். குளத்தில் பீர் குடித்துவிட்டுக் கடலில் இறங்கவே கூடாது.

பணம் பற்றியும் ஒன்று. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்குப் பார்த்துச் சேர்த்த காசோடு போகிறவர்கள் கிளம்பும்போது கவுண்ட்டரில் நின்று திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். வரி சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். சாப்பாடு அறை வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

அம்மாபேட்டை:

குகை அண்ணா, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா அஸ்தம்பட்டித் தம்பி இதை எழுதினதே பெரிசு, அவரை அதட்டாதீங்க. போகாம இருந்தது சோம்பேறித்தனம்னு எனக்குப் படலை. பொய் சொன்ன வாயோட அந்த வீட்டு முன்னாடி போய் நிக்கணுமே. அதுக்குத்தான் கூசுறார்.

சாப்பாடு சேர்ந்ததான்னு கேளுங்கன்னீங்களே, என் கதை அதுதான். நாங்க மூணு பொண்ணுங்க. சிதம்பரம், பூம்புகார்னு பஸ்ஸுலயே சுத்திட்டு, கடைசியாத் தரங்கம்பாடி. 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை இருக்கே, அதுக்குக் கிட்டவே கடல் பார்த்த பழைய பங்களா ஒன்னை ஓட்டலா ஆக்கியிருக்காங்க. உசரமான கதவு, பெரிய தாழ்வாரம், கொசுவலை கட்டின கட்டில். காலைச் சாப்பாடு மட்டும் வாடகையில சேர்த்தி.

ராத்திரி ரெண்டு பேர் மீனும் இறாலும் சொல்லிச் சாப்பிட்டோம். மூணாவது பொண்ணு வயிறு சரியில்லைன்னு அறைக்குப் போயிட்டா. நான் பன்னெண்டு மணி வாக்குல முழிச்சேன். தாழ்வாரத்துல இருட்டுல உட்கார்ந்திருந்தா. அலை ஓயற இடைவெளியில மட்டும் ஒரு சத்தம் கேட்டுது, கரக், கரக்குன்னு. தட்டுவடை. சேலத்துல பஸ் ஏறறப்ப அவ அம்மா கட்டிக் குடுத்தது, ஒரு வாரமாப் பையில நொறுங்கிக் கிடந்தது. எங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு அலை அடிக்கறப்பத்தான் கடிக்கிறா, நடுவுல ஒன்னு தப்பித் தப்பிக் கேட்குது.

அவங்க வீட்டுல தறி ரெண்டு மாசமா ஓடலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அறை வாடகையைச் சமமா மூணாப் பிரிச்சவ நான்தான். எழுந்து போய்ப் பக்கத்துல உட்கார்ந்து எனக்கும் ஒன்னு குடுடின்னு கேட்டிருக்கணும். கேட்டா அவளுக்குச் சங்கடமாகும்னு தூங்கற மாதிரி படுத்துட்டேன். அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருக்கு, மாசம் ஒரு தடவை பேசுவோம். இதை மட்டும் பேசினதில்லை.

குகை:

அதட்டவில்லையம்மா. எனக்கும் அந்த வயதில் மகன் வெளியூர் ஓட்டலில் வேலை பார்க்கிறான், அதனால் சுருக்கென்று வந்துவிட்டது. ஆனால் உங்கள் தோழி விஷயத்தில் பணத்தைச் சமமாகப் பிரித்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குறைத்து வாங்கியிருந்தால் அவள் வந்தேயிருக்க மாட்டாள்.

அம்மாபேட்டை:

அது எனக்கும் தெரியும் அண்ணா. அதனாலதான் இன்னும் விடை கிடைக்கலை.

லேடீஸ் சீட்:

நான் ஏற்காட்டுல, லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் பக்கம் இருக்கேன். முன்னாடி நாலு வருஷம் கடலோர ரிசார்ட் ஒன்னுல அறை சுத்தம் பண்ற வேலை. மறுபக்கத்துல இருந்து ஒன்னு சொல்றேன்.

பெரிய பை தூக்கிட்டு வர்றவங்களை எங்களுக்கு வந்ததுமே தெரியும். செருப்பை வாசல்லயே விடுவாங்க. ஒரு தடவை நாலு பசங்க காலி பண்ணின அறைக்குள்ள போனேன். துப்பட்டி போர்வை எல்லாம் மடிச்சு அடுக்கி இருக்கு, துண்டைப் பிழிஞ்சு காயப் போட்டிருக்காங்க, தரையில ஒட்டின மணலைக்கூட கூட்டி ஓரமாச் சேர்த்திருந்தாங்க. மடிச்சிருந்தாலும் எல்லாத்தையும் பிரிச்சுத் துவைக்கத்தான் போடணும். ஆனா அந்தக் கட்டில்ல நான் உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது, ரூல். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். நாலு வருஷத்துல ஒரு கெஸ்ட் அறையில உட்கார்ந்து நான் கடலைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அஸ்தம்பட்டி, நீங்க சொன்னது பொய்யா இல்லாமயும் இருக்கலாம். மார்ச், ஏப்ரல்ல வர்ற முதல் நல்ல மழைக்கு அப்புறம் எட்டு பத்து நாள்ல காப்பி பூக்கும். கொம்பு முழுக்க வெள்ளையா மல்லி வாசனை அடிக்கும். ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துடும். வீட்டுல இருந்த வரைக்கும் அதைப் பெரிசா நினைச்சதில்லை. கடலோரத்துல இருந்த நாலு வருஷமும் மார்ச் வந்தா நான் யாராவது ஒருத்தர்கிட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கேன்.

அஸ்தம்பட்டி:

இப்பத்தான் படிச்சேன். டிராயரைத் திறந்து பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்தேன், முதல் தடவையா. ஆறு சிப்பி. ஒன்னு ஓரத்துல உடைஞ்சிருக்கு. அவன் குடுத்தப்பவே உடைஞ்சிருந்ததா, என் டிராயர்ல உடைஞ்சதான்னு தெரியலை.

நேத்து சாயங்காலம் மலை மேல கருக்கலா இருந்துச்சு, கோரிமேடு வரைக்கும் காத்துல மண்வாசனை. மேல பேஞ்சுதுங்களா?

லேடீஸ் சீட்:

பேஞ்சுது. நல்ல மழை, ஒரு மணி நேரம்.

அடுத்த வாரக் கடைசியில வாங்க. அதுக்கு முன்ன வந்தா மொட்டுதான் இருக்கும். டீக்கடையில குடுத்துட்டுத் திரும்பிடாதீங்க, வீட்டைக் கேட்டு நேரா போங்க. உடைஞ்சதையும் சேர்த்தே குடுங்க, ஆறுன்னு அவன் சொல்லியிருப்பான்.