புதுப் பொருள்தான், ஆனால் எங்கிருந்து வாங்கினேன் என்று எப்படி நிரூபிப்பது?

சீல்பிரிக்காதவன்:
கிளியரன்ஸில் வாங்கிய ஹெட்போன்கள், எல்லாம் புத்தம் புதுசு, சீல்கூடப் பிரிக்கவில்லை. ஆன்லைனில் ஒரு தளத்தில் போட்டேன், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர் ஒருவர் "டூப்ளிகேட் மாதிரி இருக்கு" என்று எழுதினார், அவ்வளவுதான், லிஸ்டிங்கைத் தூக்கிவிட்டார்கள், வரவேண்டிய பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமாம். கடை ரசீதுகளை ஸ்கேன் செய்து அனுப்பினால் "ஏற்க இயலாது" என்று ஒரே வரியில் பதில். வேறு என்னதான் கேட்கிறார்கள்?

மொத்தச்சரக்கு:
அந்த ரசீதை அவர்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். கடை பெயர், தேதி, "எச்பி பிளாக்" என்று பாதியில் வெட்டிய பொருள் பெயர், தொகை. வாங்கியது நீங்கள்தான் என்று அதில் எங்கே இருக்கிறது? யாரோ கீழே போட்ட ரசீதை எடுத்து அனுப்பினாலும் இப்படித்தான் இருக்கும். அவர்கள் கேட்பது இன்வாய்ஸ். உங்கள் பெயரும் முகவரியும் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும், விற்றவரின் முகவரி, போன் இருக்க வேண்டும், மாடல் நம்பர் இருக்க வேண்டும், தேதி உங்கள் முதல் விற்பனைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். 30 விற்றுவிட்டு 10-க்கு பில் காட்டினால் மீதி 20 எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. ஆர்டர் மெயில், பேக்கிங் ஸ்லிப், ப்ரொஃபார்மா (விற்பதற்கு முன்பே தரும் உத்தேச பில்) இதெல்லாம் பொதுவாக எடுபடாது.

ரசீதோடு போய்க் கேட்டால் உங்கள் பெயரில் முழு இன்வாய்ஸ் போட்டுத் தரும் கடைகள் உண்டு. உடனே கேளுங்கள், நாளானால் கணக்கு முடிச்சாச்சு என்பார்கள். அப்புறம், அந்த ரசீதின் தெர்மல் பேப்பர் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடலாம், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

சட்டம்பேசுபவன்:
காசு கொடுத்து வாங்கியதை விற்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தாய்லாந்தில் வாங்கிய பாடநூல்களை அமெரிக்காவில் விற்றதற்காக கிர்ட்சேங் என்ற மாணவர் மேல் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-ல் அங்கே உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

மொத்தச்சரக்கு:
சார், அது பதிப்புரிமை (காப்பிரைட்) வழக்கு. விற்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், ஆனால் அதற்காகத் தளம் உங்களை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லையே, சேரும்போது ஒப்புக்கொண்ட விதிப்படிதான் கேட்கிறார்கள். பிராண்டு விஷயம் வேறு கதை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே முதலில் விற்பனைக்கு விட்ட சரக்கைத் தன் சம்மதம் இல்லாமல் உள்ளே விற்பதை பிராண்டுக்காரர் தடுக்கலாம் என்று 1998-லேயே சில்ஹவுட் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிவானது. அங்கே சரக்கு எந்த வழியாக வந்தது என்பதே பெரிய கேள்வி. கம்பெனி வாரண்டி உங்களிடம் வாங்குபவருக்குச் செல்லாது என்றால், இதைப் புதுசு என்றே போடக் கூடாது என்று சண்டைக்கு வருகிற பிராண்டுகளும் உண்டு.

சீல்பிரிக்காதவன்:
கடைக்காரர் இன்வாய்ஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், நன்றி. அதில் கடை பெயரை மறைத்து அனுப்பலாமா? பார்த்துவிட்டுத் தளத்துக்காரர்களே நேராகப் போய் வாங்கிவிட்டால்?

கிடங்குக்காரன்:
பெயரை மறைத்தால் அப்புறம் அது பில்லே இல்லை. விலையை மட்டும் மறைக்கச் சில தளங்கள் விடுகின்றன, விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பிடிஎஃப்பில் நீங்களே கை வைக்காதீர்கள், திருத்தியது தெரிந்தால் போலி ஆவணம் என்று கணக்கையே மூடிவிடுவார்கள், கடைக்காரரே புதிதாகப் போட்டுத் தரட்டும். சரிபார்க்க போன் வரலாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "வாடிக்கையாளர் விவரம் தர மாட்டோம்" என்று அவர் போனை வைத்துவிட்டால் பில் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒன்று கேட்கணும், சரக்கைத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பினீர்களா? உங்களுக்கென்று தனி லேபிள் இல்லாமல் கம்பெனி பார்கோடோடு மட்டும் போயிருந்தால் மற்றவர்கள் சரக்கோடு கலந்திருக்கலாம், அந்தப் புகார் வந்த பெட்டி உங்களுடையதாகவே இல்லாமலும் இருக்கலாம். சீரியல் நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.