‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’க்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

காரைக்குடி, செவிலியர் பயிற்றுநர்:
குழுவினருக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மகப்பேற்றுச் செவிலியர்களுக்கும் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களிடம் மாதவிடாய், கருத்தடை, கர்ப்பம் பற்றிப் பேசுவது எப்படி என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வளரிளம் பருவம்’ அரசு ஏடுகளிலேயே இருக்கிறது, சிக்கலில்லை. ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’தான், அதாவது நம்மை நம்பிச் சொன்னதை வெளியே விடாமைதான், இடிக்கிறது. ‘இரகசிய ஆலோசனை’ என்று போட்டுப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டும் நோட்டீஸ் போல இருக்கிறது. ‘அந்தரங்க ஆலோசனை’ அதைவிட மோசம்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சொல் இருக்கிறது: மந்தணம், அதாவது இரகசியம். ‘மந்தணக் கடிதம்’ என்று எழுதுகிறோமே! மந்திரம் வடசொல், அதன் வழி வந்தது மந்தணம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். முன்னுதல் என்றால் கருதுதல். முன் என்பது மன் ஆகி, மன்னிலிருந்து மந்திரமும் மந்தணமும் கிளைத்தன என்பது என் கருத்து. ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்று தொல்காப்பியரே மறைமொழியோடு சேர்த்துச் சொல்லிவிட்டார். வேண்டுமானால் ‘மறைமொழிக் காப்பு’ என்றும் வைக்கலாம்.

புதுவயல் பக்கம், கிராம சுகாதாரச் செவிலியர்:
ஐயாவுக்கு வணக்கம். மந்தணம் என்றால் பிள்ளை மந்தமா என்று கேட்பார்கள். நான் வீட்டுக்குப் போனால் திண்ணையில் பாய் விரிப்பார்கள். பதினேழு வயதுப் பெண்ணிடம் ‘கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?’ என்று கேட்டால், அவள் வாய் திறக்கும் முன்னே அம்மா தேதி சொல்வார், அப்பத்தா அதைத் திருத்துவார். ‘ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்கம்மா’ என்று அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அப்பத்தாவிடம் பழைய மாத்திரை அட்டையைத் தேடச் சொல்வேன். அந்த இடைவெளிதான் எனக்குக் கிடைப்பது. அதற்குள் மந்தணத்துக்குப் பொழிப்புரை சொல்ல முடியுமா? ‘நீ சொல்றத நான் வெளிய சொல்லமாட்டேன்’ என்பேன், அவ்வளவுதான். ‘கமுக்கம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அதில் கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர் (பூர்வீகம் பள்ளத்தூர்), மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். திரை போட்டுப் பரிசோதிப்பது பிரைவசி, அதற்குத் ‘தனியுரிமை’ நிலைத்துவிட்டது. (எங்கள் வீட்டு வளவில் ஒரு மூலையில் தும்மினால் சுற்றுக்கட்டு முழுக்கக் கேட்கும், அங்கே தனியுரிமை ஏது!) கேட்டதை வெளியே விடாதது வேறு. ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்று குறளே இருக்கிறது. ஏன் ‘நாகாப்பு’ என்று வைக்கக்கூடாது?

காரைக்குடி, பயிற்றுநர்:
இங்கே நாகாப்பு என்றால் நாகப்படம் போட்ட காப்பு, எத்தனை பவுன் என்று கேட்பார்கள் தம்பி.

தேவகோட்டை, தமிழாசிரியர்:
பவுன் கிடக்கட்டும். ‘செவிலி’ என்ற சொல்லைப் பாருங்கள், பழைய இலக்கியத்தில் அவள் வளர்ப்புத்தாய். தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம். தலைவியின் களவுக் காதல் தோழிக்குத் தெரியும். தோழி செவிலிக்கு உரைப்பாள், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும். காதலை இப்படி முறையாக வீட்டாருக்கு வெளிப்படுத்துவதுதான் அறத்தொடு நிற்றல்! ஆக, நம் செவிலி எல்லாவற்றையும் மூடிவைப்பவள் அல்லள், இடமறிந்து உரைப்பவள். இன்னொன்று, மிட்வைஃபுக்கு ‘மருத்துவச்சி’ என்ற அழகான சொல் இருக்க, ஏன் ‘மகப்பேற்றுச் செவிலியர்’?

காரைக்குடி, பயிற்றுநர்:
அந்த அழகான சொல் ஊரில் ஒரு சாதியின் பெயராகப் புழங்கியது ஐயா. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி 18 மாதம் தனியாகப் படித்து வரும் செவிலியரை அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். இதை இங்கேயே விடுவோம்.

சிவகங்கை, வழக்கறிஞர்:
ஐயா இலக்கியம் சொன்ன இடத்தில்தான் சட்டமும் நிற்கிறது. 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பம் என்று தெரிந்தால், அவளுக்குக் கல்யாணமே ஆகியிருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. ஆனால் அது பதிவுபெற்ற மருத்துவரைப் பற்றிச் சொன்னது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நர்சம்மா ‘வெளிய சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற முடியாமல் போகலாம். எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, அதன் வரம்பையும் கூடவே எழுதுங்கள்.

புதுவயல் பக்கம், செவிலியர்:
வரம்பை முதலிலேயே சொன்னால் அவள் வாயே திறக்கமாட்டாள் சார். இந்த வயதில் கர்ப்பம் என்றால் இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு, வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று எல்லா ஆபத்தும் கூடுதல். மூன்றாம் மாதம் தெரிந்தால் ஏதாவது செய்யலாம். பயந்து ஒளிந்துகொண்டு எட்டாம் மாதம் வந்தால் நான் என்ன செய்ய? மாத்திரை கேட்டு வருபவளும் இருக்கிறாள், சந்தேகம் கேட்டு வருபவளும் இருக்கிறாள். எல்லோரையும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி விரட்டிவிடாதீர்கள்.

காரைக்குடி, பயிற்றுநர்:
சரி, நேரமில்லை. தலைப்பில் ‘மந்தணம் காத்தல்’. உள்ளே எல்லா இடத்திலும் ‘சொன்னதை வெளியே சொல்லாமை’. அதற்குக் கீழே, சட்டப்படி யாருக்கு எதைத் தெரிவித்தாக வேண்டும் என்று ஒரு பெட்டி. மறுப்பு இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.

சிங்கப்பூர்:
‘நாகாப்பு’க்கு ஒரு வாக்கு பதிவு செய்துகொள்கிறேன். மற்றபடி சரி.

தேவகோட்டை, தமிழாசிரியர்:
மகிழ்ச்சி. முன், மன் உறவு பற்றி நான்கு பக்கம் தனியே அனுப்புகிறேன்.

புதுவயல் பக்கம், செவிலியர்:
தலைப்பு எப்படியும் இருக்கட்டும் டீச்சர், அதை நான் யாரிடமும் வாசித்துக் காட்டப்போவதில்லை. அந்தப் பெட்டியை மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

சிவகங்கை, வழக்கறிஞர்:
தள்ளக்கூடாது. அதே பக்கம்.